இரும்புக் கரத்தை எழுதிய சித்திரக்காரர்

அரசர், புலவர், பக்தர், விஞ்ஞானிகள் ஆகியோருடைய சரித்திரங்களை நம் கலாசாலைச் சஞ்சிகை காலந்தோறும் வெளியிட்டு வந்திருக்கின்றது. இவ்வாண்டு நாம் எழுதப் புகுந்திருப்பது ஒரு சித்திரக்காரருடைய சரித்திரம். அவருடைய பெயரைக் கூறினால் நம் மாணவரிற் பலர், இவர் யார் என வினவுவர். அவர் கைப்பட எழுந்த சித்திரத்தைக் கூறினாலோ, அம்மாணவருடைய தந்தையரும் பாட்டன்மாரும் முகமலர்ந்து தம் இளமைப் பருவத்தை நினைவு கூர்வர். செய்த வேலை கண்டங்கள் கடந்து புகழ் பெற்றிருக்க, செய்தவர் பெயர் மாத்திரம் நெடுங்காலம் மறைந்திருந்தது எங்ஙனம் என்பதே இச்சரித்திரத்தில் நாம் ஆராய விரும்புவதாகும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கங்களிலுள்ள நம் நாடு வானம் பார்த்த பூமி. குமாரலிங்கபுரம் முதலிய சிற்றூர்களிலே கரிசற்காட்டில் பருத்தியும் கம்பும் சோளமும் விளைவதும் விளையாமற் போவதும் மழையின் சித்தத்தைப் பொறுத்தவை. இத்தகைய ஊர்ப் பிள்ளைகளின் கைக்குப் பாட புஸ்தகம் தவிர வேறு நூல் எட்டுவது அரிதாயிருந்த காலத்தில், 1972-ஆம் ஆண்டிலே, சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் என்னும் சித்திரக்கதை வெளியீடு தொடங்கிற்று. திரு. சௌந்திரபாண்டியன் அதனை நிறுவினார், திரு. முல்லை தங்கராசன் அதன் ஆசிரியராய் அமர்ந்தார். முதல் புஸ்தகத்தின் பெயர் இரும்புக்கை மாயாவி. ஒருவர் வாங்கிய பிரதியைப் பலர் படித்து, அட்டை கிழிந்தபின்னும் விடாமல் கைமாற்றிக்கொண்ட காலம் அது.

அப்புஸ்தகம் சிவகாசியிலே தோன்றியது தற்செயலன்று. மழை குறைந்து காற்று உலர்ந்திருப்பதால் உழவர்க்கு வருத்தம் விளைக்கும் அதே நிலம், தீப்பெட்டித் தொழிலுக்கும் அச்சுத் தொழிலுக்கும் ஏற்றதாயிற்று. 1920-களிலே சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிகளுக்கு வர்ணச் சீட்டுகள் வேண்டியிருந்தமையால் அச்சுக்கூடங்கள் பெருகின. பின்னர் நாட்காட்டிகளும் புஸ்தகங்களும் அங்கே அச்சாயின. இவ்வாறு வறட்சியின் பயனாய்ப் பிறந்த அச்சுக்கூடம் ஒன்றின் வழியாகவே, ஸ்பெயின் தேசத்தில் எழுதப்பட்டு இங்கிலாந்தில் வெளியான சித்திரங்கள் தமிழ்ப் பிள்ளைகளிடம் வந்தன.

அச்சித்திரங்களை எழுதியவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்பவர். முதற்பெயர் நம் இரட்சகருடைய திருநாமமே. ஸ்பெயின் தேசத்தார் அந்நாமத்தைத் தம் பிள்ளைகளுக்கு இடுவது வழக்கம். அவர் 1919-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி பார்சிலோனா நகரில் பிறந்தார். உடன்பிறந்தோரான அலெஹாந்திரோ, அத்ரியானோ, அகுஸ்தோ, பிலி ஆகியோரும் பின்னாளிற் சித்திரத்தொழிலையே மேற்கொண்டனர். ஒரு குடும்பத்தார் அனைவரும் ஒரே தொழிலில் ஈடுபடுவது நம் நாட்டு நெசவாளர், சிற்பியர் இல்லங்களில் நாம் காண்பதே. பிளாஸ்கோ குடும்பத்தாரும் அவ்விதமே ஒருவர்க்கொருவர் துணைநின்று உழைத்தனர்.

ஹெசூஸ் பதினாறு வயது நிரம்புவதற்கு முன்பின்னாக, 1935-ஆம் ஆண்டிலே, பத்திரிகைகளுக்குச் சித்திரம் எழுதத் தொடங்கினார். குத்தோ என்னும் சிறுவனை அவர் கற்பித்தது அவ்வாண்டிலேதான். மறு ஆண்டு ஜூலை மாதத்தில் ஸ்பெயினிலே உள்நாட்டு யுத்தம் மூண்டது. 1939-ஆம் ஆண்டு அது முடிவுற்றபோது அவருக்கு வயது பத்தொன்பது. ஒருவன் கல்வி கற்றுத் தொழில் பழகித் தன்னை உருவாக்கிக்கொள்ள வேண்டிய பருவம் முழுவதையும் யுத்தம் விழுங்கிவிட்டது. யுத்தத்திற்குப் பின் வந்த காலமும் இனியதன்று. உணவுக்கும் காகிதத்திற்கும் பஞ்சம்; பத்திரிகைகள் மீது அரசாங்கத்தின் கடுங்கண். அக்காலத்திலும் அவர் தூரிகையைக் கீழே வைத்தாரல்லர். சிக்கோஸ் என்னும் சிறுவர் பத்திரிகையிலே குத்தோவின் வீரச்செயல்களை எழுதினார். சிறுமியர்க்கென வெளிவந்த பத்திரிகையில் 1941-ஆம் ஆண்டு அனிதா என்னும் சிறுமியின் கதையைத் தொடங்கினார். 1945-ஆம் ஆண்டு வெளியான குத்தோவின் கீழ்நாட்டுக் கதை, ஸ்பெயின் சித்திரக்கதைகளுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. அலெக்ஸ் ரேமண்ட், மில்டன் கானிஃப் என்னும் அமெரிக்கச் சித்திரக்காரர்களின் முறைகளை அவர் கூர்ந்து கற்றார். ஆயினும் கற்றதைத் தமதாக்கிக்கொண்டார். ஒளியையும் நிழலையும் அவர் பிரித்தமைத்த வகை அவருக்கே உரியது.

சொந்த நாட்டில் அவர் பெயர் பெற்றவராயினும் ஊதியம் குறைவாகவே இருந்தது. 1950-களில் இங்கிலாந்தின் பிள்ளைப் பத்திரிகைகள் வாரந்தோறும் பல்லாயிரக்கணக்கில் விற்பனையாயின. அவற்றை நிரப்பப் போதிய சித்திரக்காரர் அந்நாட்டில் இல்லாமையால், பிரசுரகர்த்தர்கள் ஸ்பெயின், இத்தாலி முதலிய தேசங்களில் ஆள் தேடினர். லண்டனிலே சாதாரணமான கூலி, பார்சிலோனாவின் நாணயத்தில் மாற்றியபோது நல்ல வருமானமாயிற்று. ஆகவே ஸ்பானியச் சித்திரக்காரர் பலர், தரகர் மூலமாக, கடல் கடந்து செல்லாமலே கடல் கடந்த பத்திரிகைகளுக்கு உழைத்தனர். கதையாசிரியர் ஒவ்வொரு கட்டத்திற்கும் எழுதிய குறிப்பு ஆங்கிலத்தில் வந்து சேரும். சித்திரங்கள் தபாலிற் செல்லும். அடுத்த வாரம் தவணை தவறாமல் அடுத்த பக்கங்கள். பிளாஸ்கோ இவ்விதம் அமெரிக்க மேற்குப் பிரதேசத்துக் குதிரை வீரர் கதைகளையும், சிறு குழந்தைகளுக்கான கதைகளையும் எழுதிக் கொடுத்தார்.

1962-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி, பிளீட்வே நிறுவனத்தார் வேலியண்ட் என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினர். அதன் முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவியின் மூலக்கதை ஆரம்பமாயிற்று. முதலில் கென் புல்மரும் பின்னர் டாம் டல்லியும் கதை எழுத, அதன் பெரும்பகுதிக்குப் பிளாஸ்கோவே சித்திரம் எழுதினார். கதை இதுவே: லூயிஸ் கிராண்டல் என்பவன் ஆராய்ச்சிச்சாலையில் உதவியாளன், விபத்தில் வலக்கையை இழந்து எஃகினாலான கையைப் பொருத்திக்கொண்டவன். மற்றொரு விபத்தில் மின்சாரம் அவன் உடலிற் பாய, உடல் முழுதும் கண்ணுக்கு மறைந்து போகிறது. எஃகுக் கை ஒன்றே புலப்படுகிறது. அவன் முதலில் அந்த வல்லமையைத் தீமைக்குப் பயன்படுத்துகிறான். பின்னர் மனந்திரும்பி நன்மையின் பக்கம் நின்று போராடுகிறான். குற்றவாளியாய்ப் புறப்பட்ட ஒருவனைப் பிள்ளைகள் வெறுத்தொதுக்காமல், அவன் திருந்துவதைக் காத்திருந்து கண்டனர் என்பது கவனிக்கத்தக்கது.

இக்கதைக்குச் சித்திரம் எழுதுவது எளிதன்று. கதாநாயகன் கண்ணுக்குத் தெரியாதவன். முகமில்லாதவனுடைய கோபத்தையும் அச்சத்தையும் எங்ஙனம் காட்டுவது? பிளாஸ்கோ அந்த எஃகுக் கையையே முகமாக்கினார். விரல்கள் விரிவதிலும் மடங்குவதிலும் மனத்தின் நிலை புலப்படும்படி செய்தார். அதனைச் சூழ்ந்தனவற்றை மிக இயல்பாக எழுதினார்: மழையில் நனைந்த தெரு, விளக்குக் கம்பம், மோட்டார் வண்டி, கசங்கிய மேற்சட்டை ஆகிய யாவும் கண்ணாற் கண்டவைபோல் அமைந்தன. சுற்றுமுள்ளவை மெய்யாய்த் தோன்றியமையால், நடுவே மிதந்த வெறுங்கையும் மெய்யென நம்பப்பட்டது. நம்பமுடியாத ஒன்றை நம்பச் செய்வதற்கு, நம்பத்தக்க ஆயிரம் சிறு பொருள்களைச் சிரத்தையோடு எழுத வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். பிள்ளைகளுக்குத்தானே என்று ஒரு கோட்டையும் அவர் அசட்டையாக இழுத்தாரல்லர்.

இத்துணைச் சிரத்தையோடு எழுதப்பட்ட பக்கங்களில் அவர் பெயர் இருந்ததா? இல்லை. அக்காலத்து ஆங்கிலப் பிள்ளைப் பத்திரிகைகளில் கதை எழுதியவர் பெயரையோ சித்திரம் எழுதியவர் பெயரையோ அச்சிடுவது வழக்கமன்று. காரணம் ஊகிக்க அரியதன்று. பெயர் தெரிந்தால் புகழ் வரும். புகழ் வந்தால் சித்திரக்காரர் கூலியை உயர்த்தக் கேட்பார், அல்லது போட்டிப் பத்திரிகையார் அவரை அழைத்துக்கொள்வர். பெயர் தெரியாவிடில் ஒருவரை நீக்கி மற்றொருவரை அமர்த்தினாலும் வாசிப்பவர் வினவார். எழுதிய சித்திரங்களின் மூலப் பிரதிகளும் பிரசுரகர்த்தருக்கே உடைமையாயின. அதே சித்திரங்கள் பிற நாடுகளிற் பிற பாஷைகளில் மறுபடி வெளிவந்தபோதும் சித்திரக்காரர் பெயர் அவற்றைத் தொடர்ந்து செல்லவில்லை. 1977-ஆம் ஆண்டிலே தோன்றிய 2000 ஏ.டி. என்னும் பத்திரிகையிலேதான் எழுதியோர் பெயர்களை ஒழுங்காய் அச்சிடும் வழக்கம் அந்நாட்டுப் பிள்ளைப் பத்திரிகைகளில் வேரூன்றலாயிற்று.

ஆகவே கதையில் நிகழ்ந்ததே சித்திரக்காரர்க்கும் நிகழ்ந்தது. கை மாத்திரம் உலகத்தார் கண்ணுக்குப் புலனாயிற்று, கைக்குரியவர் மறைந்திருந்தார். சொந்த நாட்டிலே குத்தோவை எழுதியவர் என்று பலரும் அறிந்த ஒருவர், லண்டனிலும் சிவகாசியிலும் பெயரற்றவராயிருந்தார். நம் தமிழ்ப் பத்திரிகைகளில் மாலி, கோபுலு, சில்பி முதலானோர் தம் சித்திரத்தின் கீழ்க் கையொப்பமிட்டமையால் வீடுதோறும் அவர்கள் பெயர் விளங்கிற்று. அதே வீடுகளிற் பிள்ளைகள் மாயாவியின் பக்கங்களைப் பார்த்து ஏடுகளின் ஓரத்தில் அந்த எஃகுக் கையை வரைந்து பழகியிருக்கக்கூடும்; யாருடைய சித்திரத்தைப் பார்த்து வரைகின்றோம் என்பதை மட்டும் அவர்கள் அறியார்.

பெயரை நாடாமல் உழைப்பது சிறந்த குணமன்றோ, அதனைக் குறையாகக் கூறலாமோ எனச் சிலர் கேட்கக்கூடும். தாழ்மையை நம் கலாசாலை என்றும் போற்றி வந்திருக்கின்றது. ஆயினும் ஒருவர் தாமே மனமுவந்து தம் பெயரை மறைத்துக்கொள்வது வேறு. கூலி கொடுப்பவர் தம் லாபத்தைக் கருதி அவர் பெயரை மறைத்துவிடுவது வேறு. முன்னது தாழ்மை, பின்னது அநியாயம். அநியாயத்திற்குத் தாழ்மை என்று பெயரிட்டால், தாழ்மைக்கும் இழுக்கு, நியாயத்திற்கும் இழுக்கு. எனினும், பெயர் இல்லாத பக்கத்திலும் பெயர் உள்ள பக்கத்திற் போலவே குறைவின்றி உழைத்தார் என்பது பிளாஸ்கோவுக்குரிய பெருமை. அந்தப் பெருமையைச் சொல்வதனால் அந்த வழக்கம் நியாயமாகிவிடாது.

பிற்காலத்தில் அவருக்கு உரிய மதிப்பு மெல்ல வந்து சேர்ந்தது. 1968-ஆம் ஆண்டு முதல் பெல்ஜிய தேசத்துச் ஸ்பிரூ பத்திரிகையில் அவருடைய குதிரை வீரர் கதை வெளிவந்தது. 1982-ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள லூக்கா நகரின் சித்திரக்கதை விழாவிலே அவருக்கு மஞ்சட் சிறுவன் என்னும் பரிசளித்துக் கௌரவித்தனர். முதுமையிலும் அவர் ஓய்ந்திராமல் இத்தாலியரின் டெக்ஸ் வில்லர் கதைகளுக்குச் சித்திரம் எழுதினார். அந்த டெக்ஸ் வில்லரும் சிவகாசி வழியாகவே, 1984-ஆம் ஆண்டு தொடங்கிய லயன் காமிக்ஸின் மூலம், தமிழருக்கு அறிமுகமானவர். பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்த வாசகர்கள், கோடுகளின் போக்கை ஒப்புநோக்கி, இவை பிளாஸ்கோவின் கைவேலை எனத் தெளிவித்தனர். தமிழ் வாசகரும் இன்று அவர் பெயரை அறிந்து போற்றுகின்றனர். அவர் 1995-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, தாம் பிறந்த பார்சிலோனா நகரிலேயே காலமானார். அறுபது ஆண்டுகள் சித்திரத் தொழிலில் உழைத்த வாழ்க்கை அது.

மாணவர்களே, நம் நாட்டிலும் பெயர் அச்சாகாத கைகள் பலவுண்டு. நீங்கள் உடுத்தும் ஆடையை நெய்த அருப்புக்கோட்டைத் தறிக்காரர் யார்? நீங்கள் படிக்கும் நூலுக்கு அச்சுக் கோத்தவர் யார்? பிழை திருத்தியவர் யார்? கரிசற்காட்டில் பஞ்செடுத்த பெண்மக்கள் யாவர்? இவர்கள் அனைவரும் நம் கண்ணுக்கு மறைந்தவர்களே. வேலை மாத்திரம் நம் முன் நிற்கிறது. ஒரு நல்ல வேலையைக் காணும்போது, இதைச் செய்தவர் யார் என்று வினவும் பழக்கத்தை நீங்கள் கைக்கொள்வீர்களாக. பிறருடைய சித்திரத்தையோ எழுத்தையோ எடுத்தாளும்போது அவர் பெயரைச் சொல்லத் தவறாதிருப்பீர்களாக. உங்கள் பெயர் வெளிவராத வேலை வாய்க்குமாயின் அதனையும் அரைமனதோடு செய்யாதிருப்பீர்களாக. இவ்விரண்டு பாடங்களையும் ஒருங்கே கற்பிப்பதற்காகவே, நம் பக்கத்துப் பிள்ளைகளை மகிழ்வித்தும் அவர்களிடம் நன்றி பெறாமற் போன அந்த அயல்நாட்டுச் சித்திரக்காரரை, காலந்தாழ்த்தியேனும், பெயர் சொல்லி இங்கே நினைவுகூர்ந்தோம்.