இராமநாதரும் லீலாவதி அம்மையாரும்

திருக்கேதீச்சரத்துப் பாலாவியில் நீராடி, கௌரியம்மையையும் கேதீச்சரநாதரையும் வழிபட்டு மீளும் தம்பதிகளைக் காணுந்தோறும், நம் மன்னார்ப் பகுதிச் சைவாசிரியர் பலர் நம்மிடம் வினாவிய வினாவொன்று நினைவுக்கு வருகின்றது. கணவன் ஒரு பருவத்திலும் மனைவி வேறொரு பருவத்திலும் நிற்குமிடத்து இல்லறம் ஒருமனப்பட்டு நடத்தல் எங்ஙனம் என்பதே அது. விதி கூறுவதினும் ஒருவர் சரித்திரம் கூறுதல் நலமென்று கருதி, சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் வாழ்க்கையில் அப்பகுதியை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இத்தலம் மீண்டும் எழவேண்டுமென்று 1872 இல் சைவரைத் தூண்டிய ஆறுமுக நாவலரே, 1879 இல் இராமநாதர் சட்டநிரூபண சபையிற் புக ஆதரவு தேடியவர். அவ்வாண்டிறுதியில் நாவலர் சிவபதமடைந்தார். சைவப் பிள்ளைகளுக்குச் சைவச் சூழலிலே கல்வி என்னும் அவரது கருத்து, பல ஆண்டு கழிந்து இராமநாதர் கையிற் பெருங்கட்டடங்களாக உருப்பெற்றது.

இராமநாதர் 1851 இற் கொழும்பிலே பிறந்தார். 1874 இல் செல்லாச்சி அம்மையாரை மணந்து மக்களைப் பெற்றார். நியாயவாதியாய்ப் புகழீட்டி, 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாகக் கடமையாற்றினார். தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டபின் அவர் சிந்தை உலகியலினின்று மெல்லத் திரும்பலாயிற்று. ஸ்ரீ பரானந்தர் என்னும் பெயரால் மத்தேயு, யோவான் ஆகியோரின் சுவிசேஷங்களுக்கு அவர் ஆங்கிலத்தில் உரை வகுத்தார். சைவர் அந்நூல்களுக்கு உரை எழுதுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா. 1898 இலும் 1902 இலும் வெளிவந்த அவ்வுரைகளைப் பதிப்பித்தவர் ஹரிசன் என்னும் ஆஸ்திரேலியப் பெண்மணி என்பதே நமக்கு வேண்டுவது. அவரே பின்னர் லீலாவதி அம்மையாராயினார்.

1905, 1906 ஆம் ஆண்டுகளில் இராமநாதர் அமெரிக்காவிற் பிரசங்கஞ் செய்தபோது ஹரிசன் அம்மையார் செயலாளராய் உடன் சென்றார். அப்பிரயாண வரலாற்றை அவர் எழுதிய நூல் 1907 இல் இலண்டனில் வெளிவந்தபோது, அதன்மேல் லீலாவதி இராமநாதன் என்னும் பெயர் இருந்தது. இராமநாதருக்கு அப்போது பிராயம் ஐம்பத்தைந்து கடந்துவிட்டது. உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்று, பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிச் சிவசிந்தனையில் அமர வேண்டிய பருவம் அது. அம்மையாரோ மிக இளையவர். அவருக்கு இல்லறம் அப்போதுதான் தொடங்கிற்று. குருவாயிருந்தவரே கணவராதலிற் பெரியதோர் இடருண்டு. கேட்பவர் என்றும் கேட்பவராகவே நின்றுவிடின் அது தாம்பத்தியமாகாது, பாடசாலையே ஆகும்.

அவ்விடர் அவரை முற்றும் தொடவில்லை என்று நாம் சொல்லத் துணியோம். அம்மையாரின் எழுத்தெல்லாம் கணவர் பெருமையின் நிழலிலேயே நிற்கக் காண்கின்றோம். எனினும் இருவரும் ஒருவரையொருவர் நோக்கியே காலங்கழித்திலர். இருவரும் சேர்ந்து நோக்கும் பொருளொன்றைத் தேடிக்கொண்டனர். மருதனார்மடத்தில் 1913 இல் திறக்கப்பட்ட பெண்கள் கல்லூரி அப்பொருளாயிற்று. அதன் முதல் தலைமையாசிரியை இங்கிலாந்தில் நாடக மேடையிற் புகழ்பெற்ற புளோரன்சு பார் அம்மையார். அவர் 1917 இற் கொழும்பில் இறந்தார். பின்னாளிற் கல்லூரிப் பொறுப்பு லீலாவதி அம்மையாரைச் சார்ந்தது. முதியவர் பொருளும் பெயரும் அனுபவமுங் கொடுத்தார். இளையவர் தம் வருங்காலத்தைக் கொடுத்தார். இல்லத்தில் மகளொருத்தியும் வளர்ந்தார். பிற்காலத்திற் பரமேசுவரக் கல்லூரி அதிபராய் விளங்கிய சு. நடேசபிள்ளை அவர்கள் அம்மகளாரை மணந்தார்.

திருநெல்வேலியிற் பரமேசுவரக் கல்லூரி 1921 இல் எழுந்தபோது இராமநாதருக்கு எழுபது பிராயம். முதுமையிற் சிலர் மனம் இறுகுவதுண்டு. அவருக்கும் அஃது இல்லாமற் போகவில்லை. பெண்களுக்குக் கல்லூரி அமைத்த அவரே, டொனமூர் ஆணைக்குழு 1928 இற் சிபார்சு செய்த சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். சைவாசிரியர்கள் மாணவிகளுக்கு அவர் சரித்திரத்தைக் கற்பிக்கும்போது இதனை மறைத்தல் நன்றன்று.

1930 இல் இராமநாதர் எழுபத்தொன்பதாம் பிராயத்தில் இறைவனடி சேர்ந்தார். இளையவரை மணந்த முதியவர் மனைவிக்கு விட்டுச்செல்வது பெரும்பாலும் நீண்ட தனிமையே. லீலாவதி அம்மையாருக்கு அது இருபத்துமூன்று ஆண்டு நீண்டது. பிறந்த நாட்டுக்கு மீண்டு செல்ல அவருக்குத் தடையொன்றும் இருந்ததில்லை, அவர் செல்லவில்லை. மருதனார்மடத்துக் கல்லூரியைத் தம் இல்லமாகவே பேணி வாழ்ந்து, 1953 இல் மறைந்தார். பரமேசுவரக் கல்லூரி வளவில் 1974 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் அமைந்தது. அங்குள்ள சிவன் கோயிலில் இன்றும் மாணவர் வணங்கிச் செல்கின்றனர்.