மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்

ஆங்கிலத்தில் ‘லுக்’ என்றால் பார்த்தல். அதனுடன் ‘ஆஃப்டர்’ சேர்ந்தால் பேணுதல். ‘ஃபார்’ சேர்ந்தால் தேடுதல். இத்தகைய நுட்பங்கள் நிறைந்த அம்மொழியைப் பயின்று, ஆங்கிலேயரும் வியக்கப் பேசியவர் சீனிவாச சாஸ்திரியார்.

அவர் 1869ஆம் ஆண்டில், கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் ஏழை அர்ச்சகரின் மகனாகப் பிறந்தார். கல்வி முடித்து ஆசிரியரானார். நெஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர் இயற்றிய இலக்கண நூலிலேயே பிழைகளை எடுத்துக்காட்டிப் புகழ்பெற்றார். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார். பின்னர் கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து பொதுத்தொண்டில் ஈடுபட்டார். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்து, அங்குள்ள நம்மவர் பிள்ளைகளுக்கு டர்பனில் உயர்நிலைக் கல்விக்கூடம் அமைய வழிசெய்தார்.

1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து தோட்டத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்தார். பொருளாதார மந்தத்தின்போது குறைக்கப்பட்ட நாட்கூலியை ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என மீண்டும் உயர்த்த வேண்டுமென்று 1937இல் அறிக்கை அளித்தார். அது போதாதெனக் குறை கூறியோரும் உண்டு. 1946இல் அவர் மறைந்தார்.

மாணவர்களே! நாள்தோறும் சில ஆங்கிலச் சொற்களையேனும் பொருளறிந்து பயிலுங்கள். தாய்மொழியைப் பேணுங்கள். கற்ற மொழி, பேச இயலாதவர்க்காகப் பேசும்போதே பெருமை பெறுகிறது.