தோகியோரியும் மூன்று தொட்டி மரங்களும்

ஜப்பான் தேசத்தில் காமகுரா அரசாங்கம் நடந்த காலத்தில், அதன் ஐந்தாவது அதிகாரத் தலைவராக விளங்கியவர் ஹோஜோ தோகியோரி என்பவர். 1227-இல் பிறந்து 1263-இல் மறைந்தார். பூமரங்களைத் தொட்டியில் குறுக வளர்க்கும் போன்சாய்க் கலையைப் பற்றிப் பேசுவோர் இவரைக் குறித்தும் ஒரு கதை சொல்லுவர். ஆயின் இவர் தொட்டியில் மரம் வளர்த்தவர் அல்லர். பிறன் வளர்த்த மரங்கள் தமக்காக எரியக் கண்டவர்.

மூன்று வயதளவில் தந்தையை இழந்த இவரைத் தாயார் மட்சுஷிதா வளர்த்தார். மகன் தம் இல்லத்திற்கு வரவிருந்த நாளொன்றில், அவ்வம்மையார் காகிதக் கதவின் கிழிந்த கட்டங்களை மட்டும் தம் கையாலேயே ஒட்டிக்கொண்டிருந்தாராம். கதவு முழுவதற்கும் புதுக் காகிதம் ஒட்டுவதே எளிது என்று அவருடைய சகோதரர் கூறினார். பழுதுபட்ட இடத்தை மட்டும் பழுது பார்த்தால் பொருள் நெடுநாள் உழைக்கும் என்பதை இளைஞன் காண வேண்டும் என்று அம்மையார் விடை தந்தார். கென்கோ என்னும் பிக்கு அடுத்த நூற்றாண்டில் இதனை எழுதி வைத்தார். நூல் ஆலையில் அறுந்த இழையை அவ்வப்போதே முடிந்து பழகிய நமக்கு இந்த அம்மையாரை மிகவும் பிடிக்கிறது.

1246-இல் தமையனார் நோயுற்றமையால், இருபது வயது நிரம்பாத தோகியோரியின் கையில் அதிகாரம் வந்தது. மறு ஆண்டே மியுரா குடும்பத்தாருடன் போர் மூண்டது. தோல்வியுற்ற அக்குடும்பத்தாரும் அவரைச் சேர்ந்தோருமாக ஏறக்குறைய 500 பேர் காமகுராவிலுள்ள ஒரு தர்ம மண்டபத்தில் கூடித் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். பௌத்தர் என்பதற்காக இதனை மறைத்து எழுத நமக்கு மனம் வரவில்லை. கொல்லாமை முதற் சீலம் அன்றோ!

பிறகு இவர் நீதியின் பக்கம் கருத்தைச் செலுத்தினார். 1249-இல் நில வழக்குகளை விரைந்து விசாரிக்கத் தனி மன்றம் அமைத்தார். 1252-இல் மது விற்பனையைத் தடுத்தார். அவ்வமயம் காமகுரா நகரில் மட்டும் 37,274 மதுச் சாடிகள் எண்ணப்பட்டனவாம்! இவரே ஓரிரவு உறவினர் ஒருவரை அழைத்து, சமையலறையில் தேடியெடுத்த சிறிது மிசோ விழுதைத் தொட்டுக்கொண்டு மது அருந்தினார் என்றும் அதே கென்கோ எழுதுகிறார். எளிமைக்குச் சான்றாக அவர் சொன்னது நமக்கு வேறு விதமாகவும் படுகிறது.

1253-இல் சீன தேசத்துப் பிக்கு லான்சி தாவ்லொங்கைத் தலைவராகக் கொண்டு கெஞ்சோஜி என்னும் தியான விகாரையை நிறுவினார். 1256-இல் தலைமுடி களைந்து துறவு பூண்டார். ஆயினும் அதிகாரத்தின் கயிறு அவர் கையிலேயே இருந்தது.

இனி அந்தக் கதை. சரித்திரம் இதற்குச் சாட்சி சொல்லவில்லை. நோ என்னும் ஜப்பானிய நாடகத்தில் இது வாழ்கிறது. துறவியான தோகியோரி நாட்டின் நிலையறிய மாறுவேடத்தில் திரிந்தார். சானோ என்னுமிடத்தில் கடும் பனிப்பொழிவு. சுனெயோ என்னும் ஏழை வீரனின் குடிசையில் இடம் கேட்டார். விருந்தினரைத் தங்கவைக்கத் தகாத வீடு என்று நாணி அவன் மறுத்தான். மனைவி சொல்லவே, பனியில் ஓடி அவரைத் திரும்ப அழைத்து வந்து தினைச் சோறு இட்டான். இரவு குளிர் ஏறிற்று, விறகு இல்லை. செல்வம் இருந்த நாளில் அவன் வளர்த்த தொட்டி மரங்களில் பிளம், செர்ரி, பைன் என மூன்றே எஞ்சியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி அடுப்பிலிட்டான்.

அவன் இழந்தது எத்தகையது என்பதைத் தொட்டியில் செடி வளர்த்தோரே அறிவர். பிளம் மரம் இலை துளிர்க்கும் முன்னர், குளிர் நீங்காத நாளிலேயே பூக்கும். சென்ற ஆண்டு வளர்ந்த கிளையில்தான் பூ வரும். ஆகவே பூ உதிர்ந்தவுடன் கிளையைக் குறைத்துவிட வேண்டும். கோடையில் மொட்டு உருவான பின்பு கத்தரி வைத்தால் மறு ஆண்டின் பூவையே வெட்டியவர் ஆவோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேரைக் கழித்து மண் மாற்ற வேண்டும். கம்பி சுற்றிக் கிளையை வளைப்பது பிற்கால வழக்கம். அக்காலத்தார் வெட்டியும் கட்டியுமே வடிவம் கொண்டுவந்தனர். போசரியில் நம்மவர் மாடித் தொட்டிகளில் வளர்க்கும் காகிதப்பூச் செடி இத்துணைக் கண்டிப்பு உடையது அன்று. வெட்ட வெட்டப் புதுத் துளிரிலே பூக்கும். ஆனால் அதிலும் அடித்தண்டு பருத்து முதிய மரத்தின் தோற்றம் பெறப் பல ஆண்டுகள் செல்லும். சுனெயோவின் அடுப்பிலோ அது ஓரிரவில் சாம்பலாயிற்று.

தீயருகே அமர்ந்த அவ்வீரன், உறவினர் தன் நிலத்தைப் பறித்ததையும், காமகுரா அழைத்தால் மெலிந்த குதிரையில் ஏறியாவது முதலில் வந்து நிற்பேன் என்பதையும் கூறினான். துறவி தாம் யார் என்று சொல்லாமலே விடைபெற்றார். சில காலத்தில் படைகளுக்கு அழைப்பு வந்தது. துருப்பிடித்த கவசத்துடன் அவனும் வந்தான். தோகியோரி அவனைத் தம்முன் அழைத்துச் சானோ நிலத்தைத் திருப்பி அளித்தார்; பிளம், செர்ரி, பைன் என்னும் பெயர்களைத் தாங்கிய உமேதா, சகுராய், மட்சுயிதா என்ற மூன்று ஊர்களையும் சேர்த்துக் கொடுத்தார். நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது அவன் உரிமை. மற்ற மூன்று ஊர்களே மரங்களுக்கு ஈடு என்று நாம் கொள்ளுகிறோம்.

1263-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் தோகியோரி, காவியாடையுடன் தியானத்தில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார் என்பர். அப்பொழுது அவருடைய மகன் தோகிமுனேக்கு வயது பன்னிரண்டு. மங்கோலியப் படையெடுப்புகளை 1274-இலும் 1281-இலும் எதிர்த்து நின்றவர் அவரே.