தாழ்ச்சியின் மூன்று படிகள்: தத்துவ போதகர் வாழ்வில் செபமும் கீழ்ப்படிதலும்

தமிழ் உரைநடை வரலாற்றில் தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தெ நோபிலி பெறும் இடம் பலராலும் ஆராயப்பட்டுள்ளது. அவர் காவி உடுத்தியதும், பாதக்குறடு அணிந்ததும், வடமொழி பயின்றதும் பண்பாட்டேற்பு என்னும் நோக்கில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அவ்வாழ்வுக்கு அடித்தளமாக அமைந்த செபநெறி அத்துணைக் கவனம் பெறவில்லை. அவர்மேல் அவர் காலத்திலேயே சுமத்தப்பட்ட குற்றங்கள் இரண்டு. புறச்சமயச் சின்னங்களை ஏற்றார் என்பது ஒன்று. குலச்செருக்குக்கு இடங்கொடுத்தார் என்பது மற்றொன்று. முதலாவது குற்றத்துக்கு 1623இல் உரோமை விடையளித்துவிட்டது. இரண்டாவது இன்றும் முற்றத் தீர்ந்ததாகத் தோன்றவில்லை. அதனைக் கத்தோலிக்கத் துறவு மரபின் அளவுகோல் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறவும் தியானமும்

நோபிலி 1577இல் இத்தாலியப் பெருங்குடி ஒன்றில் பிறந்தார். அக்குடி திருத்தந்தையர் மூன்றாம் ஜூலியசு, இரண்டாம் மார்செல்லுசு ஆகியோரோடு உறவுடையது. இறையியல் அறிஞரான கர்தினால் பெல்லார்மினும் உறவினரே. மூத்த மகனாகிய அவர் இயேசு சபையில் சேர்வதைக் குடும்பத்தார் விரும்பவில்லை. அவ்வெதிர்ப்பை மீறி நேப்பிள்சு நகரில் அச்சபையிற் சேர்ந்தார்.

அங்கு அவருக்கு வாய்த்த பயிற்சியே இவ்வாய்வுக்கு முதன்மையானது. சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகள் தாழ்ச்சியை ஒரு குணமாகப் பாராட்டுவதோடு நில்லாமல், தியானத்தின் வழியே படிப்படியாக அடைய வேண்டிய நிலையாகக் காட்டுகின்றன. இரு கொடிகள் பற்றிய தியானம், மனிதன் வீழும் வழியைச் செல்வம், பெருமை, செருக்கு என மூன்று படிகளாக வகுக்கிறது. எழும் வழி வறுமை, அவமதிப்பு, தாழ்ச்சி என்பதாம். இங்கு நோக்கத்தக்கது நடுப்படி. செல்வத்தைத் துறந்தவனும் பெருமையைத் துறந்தவனாகிவிடுவதில்லை; துறவே பெருமைக்கு வாயிலாவதும் உண்டு. வறுமையைத் தானே தேர்ந்துகொள்ளலாம். அவமதிப்பு பெரும்பாலும் பிறர் கையால் வருவது. அதனை மனமுவந்து ஏற்கும் நிலையைச் செபத்தில் கேட்டுப் பெற வேண்டும் என்பது இஞ்ஞாசியார் நெறி. நாள்தோறும் மேற்கொள்ளும் மௌன தியானமும் மனச்சான்றுச் சோதனையும் அவ்வேண்டுதலுக்கு உரிய களங்கள்.

மதுரையில் இரு துறவியர்

1605 மே மாதம் கோவாவை அடைந்த நோபிலி, கொச்சியிலும் முத்துக்குளித்துறையிலும் தங்கித் தமிழ் கற்று, 1606 நவம்பரில் மதுரைக்கு வந்தார். அங்கே ஏறத்தாழப் பதினோராண்டுகளாகப் பணியாற்றிக்கொண்டிருந்தவர் கொன்சாலோ பெர்னாண்டசு. முன்னாளில் போர்வீரர், சபையில் சேர்ந்தபின் மதுரைக்கு வந்து, கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரதவக் கிறித்தவர்களுக்குத் திருச்சடங்குகள் ஆற்றியதோடு பள்ளியும் மருத்துவசாலையும் நடத்தினார். ஆயினும் மதுரை மக்களுள் அவர்வழி மனம் மாறியவர் எவருமிலர். பறங்கி என்னும் சொல்லே தடை என்பதை நோபிலி கண்டறிந்தார். ஊனும் மதுவும் கொள்ளும் அயலாரைக் குறித்த அச்சொல்லைக் கிறித்தவர் என்பதற்கு ஈடாகவே முன்னோர் ஆண்டு வந்தனர். கிறித்தவராக விரும்புகிறாயா என வினவ வேண்டிய இடத்தில் பறங்கிக் குலத்தில் சேர விரும்புகிறாயா என்றே வினவப்பட்டது.

மாநிலத் தலைவர் அல்பெர்த்தோ லயெர்சியோ, பேராயர் பிரான்சிசு ரோசு ஆகியோரின் இசைவு பெற்று நோபிலி சந்நியாச வாழ்வை மேற்கொண்டார். நாளுக்கு ஒரு வேளை, புலால் நீக்கிய உணவு, மண்வீடு, தனிமை, தியானம். சிவதர்மர் என்னும் அந்தணரிடம் வடமொழி பயின்றார். வேதம், குரு, பூசை முதலிய சொற்கள் தமிழ்க் கிறித்தவ வழக்கில் நிலைபெறுவதற்கு அவர் நூல்கள் துணைநின்றன.

வறுமை என்னும் முதற்படியில் அவர் வாழ்வு ஐயத்துக்கு இடமற்றது. இடர்ப்பாடு இரண்டாம் படியில் எழுகிறது. தாம் பறங்கியர் அல்லர் என்றும், உரோமையில் உயர்குடியிற் பிறந்த துறவி என்றும் அவர் ஓலையில் எழுதி மக்கள் அறிய வெளியிட்டார். கூறியது பொய்யன்று. எனினும் இத்தாலியில் எந்தக் குடிப்பெருமையைத் துறந்து வெளியேறினாரோ, அதனையே மதுரையில் மீண்டும் எடுத்துரைக்க நேர்ந்தது. பெர்னாண்டசோடு உண்பதையும் உடன் உறைவதையும் தவிர்த்தார். அகவையால் மூத்தவரும் பணியால் முன்னோடியுமான அத்துறவியின் உள்ளம் இதனால் புண்பட்டதில் வியப்பில்லை. பெர்னாண்டசைக் குறுகிய நோக்கினர் என ஒதுக்கும் வழக்கம் நம் ஆய்வாளரிடையே உண்டு, அது நேரிதன்று. 1616இல் மக்களின் சடங்குகள் பற்றி விரிவான நூலொன்று எழுதுமளவுக்கு அவரும் இம்மண்ணைக் கூர்ந்து நோக்கியவரே. சிறுமையுற்றோரோடு தாமும் சிறுமையுற்று வாழ்ந்தவர் என்ற வகையில் தாழ்ச்சியின் வேறொரு வடிவம் அவரிடம் விளங்குகிறது.

வழக்கும் பணிதலும்

1610இல் பெர்னாண்டசு மேலிடத்துக்கு முறையிட்டார். அவ்வாண்டு தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் நோபிலி வழக்கில் நின்றார். ஆதரித்த தலைவர்கள் மாறினர். 1613இல் பொறுப்பேற்றிருந்த மாநிலத் தலைவர் அவருடைய முறைகளை ஏற்கவில்லை. புதியவர்க்கு ஞானஸ்நானம் அளிப்பது ஒரு காலம் தடைப்பட்டது. அவர் கிறித்தவத்தையே விட்டுவிட்டார் என்னும் வதந்தி ஐரோப்பாவை எட்டி, பெல்லார்மினிடமிருந்தே கண்டன மடல் வந்தது. மதுரைப் புலவோர் தராத அவமதிப்பைத் தம் சபையினரும் உறவினரும் தந்தனர். இஞ்ஞாசியார் சுட்டிய நடுப்படி அவருக்கு இவ்வழியே எதிர்ப்பட்டது.

இங்கு அவர் நடந்துகொண்ட முறை கருதத்தக்கது. தாழ்ச்சியை வாய்மூடி இருத்தலாக அவர் கொள்ளவில்லை. 1610, 1613, 1619 ஆகிய ஆண்டுகளில் இலத்தீனில் நீண்ட விளக்கங்கள் எழுதினார். பூணூலும் குடுமியும் குடிமைச் சின்னங்களேயன்றி வழிபாட்டுச் சின்னங்கள் அல்ல என்பதை வடமொழிச் சான்றுகள் காட்டி நிறுவ முயன்றார். 1619இல் கோவாவில் கூடிய அவையில் பேராயர் கிறிஸ்தோவோ தெ சா முன்னிலையில் வாதிட்டார். அதேவேளை, மேலோர் விதித்த தடையை மீறித் தம் விருப்பப்படி இயங்கவும் இல்லை. பணியைத் துறந்து செல்லவும் இல்லை. தம் கருத்து மெய்யென உறுதியாக நம்பும் ஒருவர், அக்கருத்தின் முடிவைப் பிறர் கையில் விட்டுக் காத்திருத்தல் எளிதன்று. பெல்லார்மின் அவர் விளக்கத்தைக் கண்டு மனம் மாறி, அவருக்குத் துணைநின்றார்.

1623 சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணை, பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைச் சில வரையறைகளோடு ஏற்றது. நோபிலியின் வெற்றியாக இதனைக் கூறுவோர் அவ்வாணையின் இறுதிப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். குடிப்பிறப்பால் பெருமை கொள்வோர், தாழ்ந்த நிலையினரை, சிறப்பாகக் கோயிலில் இறைவார்த்தை கேட்குமிடத்தும் அருட்சாதனங்கள் பெறுமிடத்தும், இகழலாகாது என அது வேண்டுகிறது. இசைவு தந்த கையே எச்சரிக்கையும் எழுதியது. அவ்வெச்சரிக்கை தமிழகக் கிறித்தவத்தில் முழுமையாகச் செயலாகவில்லை என்பதை வரலாறு அறியும். நோபிலியின் சொந்தத் தாழ்ச்சியையும் அவர் வகுத்த முறையின் சமூக விளைவையும் வேறு பிரித்தே எடைபோட வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தல் பொருந்தாது.

இக்குறையை அப்பணித்தளமே உணர்ந்தது. 1640இல் பல்தசார் தா கோசுதா பண்டாரசாமி என்னும் துறவு நெறியை ஏற்றார். சந்நியாசியர் அணுக இயலாத ஒடுக்கப்பட்ட மக்களிடையே அந்நெறியினர் பணிபுரிந்தனர். பின்னாளில் ஓரியூரில் உயிர்துறந்த அருளானந்தர் அவ்வழி வந்தவரே. தம் நெறிக்கு மாற்றாக மற்றொன்று தம் கண்முன்னே வளர்வதை நோபிலி கண்டார். அதே 1640இல் அவர் மதுரையில் சிறைப்பட்டார்.

மயிலாப்பூர்

ஏறத்தாழ நாற்பதாண்டு மதுரைப் பணிக்குப் பின், கண்பார்வை மங்கிய நிலையில், மேலோர் ஆணைப்படி யாழ்ப்பாணத்துக்கும் பின்னர் மயிலாப்பூருக்கும் சென்றார். போர்ச்சுகீசியர் ஆண்ட அவ்வூரில் சந்நியாச வேடத்துக்கு எவ்விதப் பயனும் இல்லை. அவரை உயர்குலத்துறவி என மதித்து வியக்க அங்கு எவருமில்லை. அவர் விரும்பியிருந்தால் சபை இல்லத்தின் உணவையும் வசதியையும் பெற்றிருக்கலாம். ஊருக்கு வெளியே ஒரு குடிலில் தமிழ்ச் சீடர் சிலரோடு தங்கி, சோறும் கீரையுமாகிய பழைய உணவையே உண்டார். மதுரையில் மேற்கொண்ட எளிமை பிறர் மதிப்பை ஈட்டும் உத்தியே என்று வாதிடுவோர் இம்மயிலாப்பூர் ஆண்டுகளுக்கு விளக்கம் தரக் கடமைப்பட்டுள்ளனர். பார்ப்பவர் இன்றியும் தொடர்ந்த அவ்வொழுக்கத்துக்குச் செபத்தையன்றி வேறு காரணம் காட்டுவது அரிது.

பார்வை முற்றும் அற்ற பின்னரும் அவர் தம் தமிழ் நூல்களைச் சொல்லச் சொல்லச் சீடர் எழுதினர். எழுத்துப் பிழையைத் தாமே கண்டு திருத்த இயலாத நிலையில், முன்னாளில் தம்மிடம் பாடம் கேட்டவர்களின் கண்ணையும் கையையும் அவர் சார்ந்திருந்தார். 1656 சனவரி 16 அன்று அங்கேயே காலமானார்.