ரூர்க்கிப் பேராசிரியர் ஜெய்கிருஷ்ணா

மலைக்கோட்டை உச்சியில் நின்று நோக்கினால், காவிரிக்கு அப்பால் திருவரங்கத்துக் கோபுரங்களோடு அடுக்குமாடி வீடுகளும் தெரிகின்றன. கார் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைத் தூண்களோடு விட்டவை பல. மனையின் போக்கிலே ‘ட’ வடிவில் எழுந்தவை சில. அவற்றைக் காணும்போதெல்லாம் எனக்கு ஜெய்கிருஷ்ணாவின் நினைவு வரும்.

1912-இல் இன்றைய உத்தரப்பிரதேசத்தில் பிறந்த இவர், ரூர்க்கியில் பொறியியல் பயின்று அங்கேயே ஆசிரியரானார். 1960-இல் நிலநடுக்கப் பொறியியலுக்கென்றே ஒரு பள்ளியை அங்கு நிறுவினார். 1962-இல் நம் நாட்டின் முதல் நிலநடுக்கக் கட்டட விதிநூல் வெளிவந்தது. அதில் இவர் பங்கு பெரிது. பட்நாகர் பரிசும் பத்மபூஷணும் பின்னர் தேடி வந்தன.

இத்துறை கூறும் உண்மை எளிது. காவடியின் ஒரு பக்கம் கனத்தால் சுமப்பவன் உடலே திரும்பிவிடும் அல்லவா? கோணல் வடிவக் கட்டடமும் நிலம் அதிரும்போது அப்படித்தான் முறுகும். மூலைத் தூண்களே முதலில் அவதிப்படும். கீழே சுவரில்லையெனில் மேல்தளங்களின் ஆட்டம் முழுவதும் அத்தூண்களின் தலையில்தான்.

1999-இல் அவர் மறைந்தார். 2001 சனவரி 26-இல் பூஜ் அதிர்ந்தபோது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் இத்தகைய தூண்வீடுகள் பல சரிந்து உயிர்களைக் குடித்தன. விதிநூல் பிறந்து அப்போது முப்பத்தொன்பது ஆண்டுகள்!

அண்மையில் திருவரங்கத்தில் எங்கள் வீட்டார் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்க்கச் சென்றனர். நான் அறைகளைப் பாராமல் கீழ்த்தளத்தில் சுவர்களைத் தேடினேன். நம் ஊர் அபாயம் குறைந்த பகுதி என்றார் மாமா. அது உண்மைதான். ஆயினும், வீட்டின் வரைபடத்தைக் கேட்டிருக்கிறோம்.