முத்துலட்சுமி பணம் தெரியும்... முத்துலட்சுமியைத் தெரியுமா?

ஆதம்பாக்கத்தில் கர்ப்பிணிகள் செக்கப்புக்கு வரும் நாளில், ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். முத்துலட்சுமி பணம் என்ற வார்த்தை எப்படியும் காதில் விழும். ஒருத்தருக்கு முதல் தவணை வந்திருக்கும், இன்னொருத்தருக்கு பேங்க் அக்கவுன்ட்டில் ஏதோ சிக்கல் இருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்தான் பேச்சுவழக்கில் இப்படிச் சுருங்கிவிட்டது. ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி அது.

பணம் தெரிகிறது, ஆளைத் தெரிகிறதா? ஸ்கூல் புக்கில் படித்த ஞாபகத்தில், முதல் பெண் டாக்டர் என்று பலரும் சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு முன்பே மேரி ஷார்லீப், அபலா தாஸ் போன்ற பெண்கள் படித்திருக்கிறார்கள். முத்துலட்சுமியைக் கொண்டாட அந்தப் பட்டம் தேவையும் இல்லை. பெண்ணின் உடம்புக்குள் வரும் நோயைப் பற்றி வெளியே வாய் திறக்கவே கூசிய ஊரில், அதற்கென்று ஒரு மருத்துவமனை கட்டும் வரை அவர் ஓயவில்லை. நாம் பார்க்க வேண்டிய கதை அதுதான்.

1886 ஜூலை 30, புதுக்கோட்டை. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்துக்காக அப்பாவை அவர் வீட்டார் ஒதுக்கிவைத்தார்கள். (ஜெமினி கணேசனுக்கு முத்துலட்சுமி அத்தை முறை என்பது பலருக்கும் தெரியாத விஷயம்.)

வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அப்பா வீட்டிலேயே பாடம் நடத்தினார், மெட்ரிகுலேஷன் பாஸானார். அடுத்து காலேஜ். மகாராஜா கல்லூரியில் அதுவரை பையன்கள் மட்டும்தான். ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. தாசி மரபில் வந்த பெண் என்பது இன்னொரு குத்தல். ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட்டுத்தான் இடம் கிடைத்தது. மூடிய வண்டியில் போய், வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார்.

1907-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. 1912-ல் பரிசுகளும் பதக்கங்களுமாகப் பட்டம் வாங்கி வெளியே வந்தார். அடுத்து எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன். அந்த வேலையில் அங்கே சேர்ந்த முதல் பெண் அவர்தான்.

எழும்பூர் வார்டுக்கு அப்போது எப்படிப்பட்ட பெண்கள் வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பதிமூன்று, பதினான்கு வயதில் கல்யாணம், அடுத்தடுத்து பிரசவம், அதுவும் பெரும்பாலும் வீட்டில். கர்ப்பப்பையிலும் அதன் வாயிலும் கிழிசல், சீழ், ஆறாத புண். ஆம்பளை டாக்டரிடம் காட்டக் கூச்சம், மாமியாரிடம் சொல்ல பயம். வெள்ளைப்படுதலோ உதிரப்போக்கோ பொறுக்க முடியாத கட்டத்துக்குப் போன பிறகுதான் மருத்துவமனைக்கு வருவார்கள். ஆன்டிபயாடிக், ஸ்கேன் எதுவும் கிடையாது. கைவிரலும், கர்ப்பப்பை வாயை விரித்துப் பார்க்கும் கருவியும்தான் டாக்டரின் ஆயுதங்கள்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. நூறு வருஷத்துக்கு முந்தைய மேட்ரிமோனியல் கண்டிஷன், இன்றைக்கும் எத்தனை வீட்டில் நடக்கும் சொல்லுங்க? இரண்டு மகன்கள் பிறந்தார்கள்.

அவர் வாழ்க்கையின் திசையை மாற்றியது தங்கையின் மரணம். தங்கைக்கு வயிற்றுப்போக்கும் ரத்தப்போக்கும் இருந்தது. சீதபேதி என்று நினைத்து அதற்கே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்கா டாக்டர், மாமா டாக்டர், இருந்தும் தங்கை வலியில் துடித்துச் செத்துப்போனார். டாக்டர் வீட்டிலேயே இந்த நிலைமை என்றால், மற்ற வீடுகளில்? இந்தக் கேள்வி அவரை கடைசிவரை விடவில்லை.

1925-ல் அரசு உதவித்தொகையில், பெண்கள் மற்றும் குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சிக்காக லண்டன் போனார். கணவரும் பிள்ளைகளும் கூடவே போனார்கள். பெண்களுக்கான செல்சீ மருத்துவமனையில் பயிற்சி. அங்கே ராயல் கேன்சர் மருத்துவமனையையும் பார்த்தார். புற்றுநோய்க்கு என்றே தனி மருத்துவமனை இருக்க முடியும், சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்கவைக்க முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

அதே 1925-ல்தான் ஜெர்மனியில் ஹான்ஸ் ஹின்ஸெல்மன், கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப் கருவியைச் செய்தார். மூன்று வருஷம் கழித்து அமெரிக்காவில் ஜார்ஜ் பாப்பனிகொலாவ், கர்ப்பப்பை வாயிலிருந்து ஒற்றியெடுத்த செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்றார். இன்று நாம் பாப் ஸ்மியர் என்று சொல்லும் டெஸ்ட்டின் தொடக்கம் அது. நம்மூர்ப் பெண்களிடம் இதெல்லாம் வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன.

ஊர் திரும்பியவரை அரசியல் இழுத்துக்கொண்டது. சென்னை மாகாண சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு, 1927-ல் துணைத் தலைவர் ஆனார். தேவதாசி முறை ஒழிப்பு, பெண்ணின் திருமண வயதை உயர்த்துவது என்று அவர் எடுத்தது எல்லாமே பெரிய இடத்துப் பகையைக் கொண்டுவரும் விஷயங்கள். பெரிய தலைவர்களே எதிர்த்தார்கள். தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினரும் எதிர்த்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோயில் மானிய நிலமும், பாட்டும் ஆட்டமும் போய்விட்டால் என்ன செய்வது என்ற அவர்களின் பயத்தில் நியாயம் இருந்தது. அந்தக் கலையைப் பிறகு வேறு ஆட்கள் மேடையேற்றி, பேரும் வாங்கிக்கொண்டார்கள். இருந்தாலும், விவரம் தெரியாத சிறுமியைப் பொட்டுக்கட்டி விடுவது அவளுக்குச் செய்யும் அநியாயம் என்பதில் முத்துலட்சுமி அசையவே இல்லை. தன் அம்மாவின் வம்சத்தில் அதைப் பார்த்து வளர்ந்தவர் ஆயிற்றே. சட்டம் முழுமையாக நிறைவேற 1947 ஆனது. அதற்கு ரொம்ப முன்பே, 1930-ல் காந்தி கைதானபோது, பதவியை ராஜினாமா செய்துவிட்டு வெளியேறியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் தேவதாசிக் குடும்பத்துப் பெண் குழந்தைகள் அடைக்கலம் கேட்டு அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். எந்த ஹாஸ்டலும் சேர்த்துக்கொள்ளவில்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஔவை இல்லம் பிறந்தது இப்படித்தான். பிறகு அடையாறுக்கு மாறி, இன்றும் அங்கே இயங்குகிறது.

இத்தனைக்கும் நடுவில் கேன்சர் மருத்துவமனை ஆசை அப்படியே இருந்தது. 1935-ல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே அதைப் பேசினார், யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் அரசின் பதில் உற்சாகமாக இல்லை. வந்தால் எப்படியும் சாகப்போகிற வியாதிக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்பதுதான் அன்றைய பொது மனநிலை. மருத்துவர்களிலேயே பலர் அப்படித்தான் நினைத்தார்கள்.

1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் கேன்சர் நிவாரண நிதி தொடங்கி, பணம் திரட்டக் கிளம்பினார். வயது 60-ஐத் தாண்டிவிட்டது. மகன் கிருஷ்ணமூர்த்தியும் புற்றுநோய் அறுவை சிகிச்சை படித்துவிட்டு அம்மாவோடு சேர்ந்துகொண்டார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாறில் மருத்துவமனை திறந்தது. பன்னிரண்டே படுக்கைகள்!

அடுத்த வருஷம் ஓர் இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர். எழும்பூர் மருத்துவமனையில் அரசு வேலை கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் சேரப் போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர்தான் வி.சாந்தா. 2021 ஜனவரியில் இறக்கும் வரை அந்த வளாகமே அவருக்கு வீடு. ஒரு மகளிர் மருத்துவர் அங்கே போனது பொருத்தம்தான். ஏனென்றால், அன்றைய சென்னைப் பெண்களை அதிகம் கொன்ற புற்றுநோய் கர்ப்பப்பை வாயில் வந்ததுதான். 1982-ல் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியபோதும் பெண்களில் அதுவே முதலிடம். பிறகுதான் மார்பகப் புற்றுநோய் அதை முந்தியது.

1957-ல் கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் வந்தது. முற்றிய நிலையில் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷனைவிடக் கதிர்வீச்சுதான் கைகொடுக்கும். சாவு நிச்சயம் என்று வந்த பெண்கள் பிழைத்து வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பிழைத்து வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகும் என்பதை நாம் பேசுவதே இல்லை. கதிர்வீச்சு கேன்சரை அழிக்கும்போது, பக்கத்தில் இருக்கும் நல்ல திசுக்களும் சூடுபட்டதுபோல இறுகித் தழும்பாகும். பிறப்புறுப்பின் பாதை குறுகலாம், கர்ப்பப்பையின் வாய் அடைத்துக்கொள்ளலாம். தாம்பத்யத்தில் வலி வரும். கேன்சர் திரும்ப வந்திருக்கிறதா என்று டாக்டர் உள்ளே பார்ப்பதுகூடச் சிரமமாகும். இதற்கு வழி உண்டு. புண் ஆறியதும் டைலேட்டர் என்ற மென்மையான கருவியைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தச் சொல்வார்கள், தேவைப்பட்டால் க்ரீமும் தருவார்கள். டாக்டரிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்பதற்குத்தான் நமக்கு வாய் வருவதில்லை.

கேன்சர் வந்தால்தான் தழும்பு என்றும் இல்லை. கர்ப்பப்பை வாயில் ஆரம்ப நிலை மாற்றம் இருந்து, அந்தப் பகுதியைக் கூம்பு மாதிரி வெட்டி எடுத்தால், ஆறும்போது சிலருக்கு வாய் சுருங்கும். பீரியட்ஸ் ரத்தம் வெளியே வர வழியில்லாமல் மாதாமாதம் வயிறு இழுத்துப் பிடிக்கும். மயக்க மருந்து கொடுத்து மெல்ல விரித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னொன்று, கருச்சிதைவுக்குப் பிறகு க்ளீன் பண்ணிட்டாங்க என்று சொல்வோமே, அந்த டி அண்ட் சி. சுரண்டும்போது உள்சுவரின் அடி அடுக்கு சேதமானால், முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பீரியட்ஸ் குறையும் அல்லது நின்றே போகும், கரு தங்காது. 1948-ல் இதை விரிவாக எழுதிய ஜோசப் ஆஷர்மேன் பெயரில் ஆஷர்மேன் சிண்ட்ரோம் என்கிறார்கள். நம் நாட்டில் கர்ப்பப்பையைத் தாக்கும் டி.பி-யும் இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

சாதாரண ஸ்கேனில் இது தப்பிப்போகலாம். கர்ப்பப்பைக்குள் உப்புநீர் விட்டு எடுக்கும் ஸ்கேன், சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே ஆகியவை சந்தேகத்தைக் காட்டும். மெல்லிய கேமராவை உள்ளே அனுப்பிப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோப்பிதான் உறுதிசெய்யும். அதே கேமரா வழியாகவே ஒட்டுகளை வெட்டிப் பிரித்து, திரும்ப ஒட்டாமல் இருக்க உள்ளே சின்ன பலூன் வைப்பதும், உள்சுவர் வளர ஹார்மோன் கொடுப்பதும் உண்டு. ஒட்டு மெல்லியதாக இருந்தால் பலன் நன்றாக இருக்கும். கெட்டியாக, பரவலாக இருந்தால் திரும்ப ஒட்டுவதும் நடக்கும். டி.பி. காரணம் என்றால் முதலில் டி.பி-க்கு மருந்து, அதிலும் பலன் குறைவுதான். இது எதையும் மாமியார் வைத்தியத்தில் கண்டுபிடிக்க முடியாது. டி அண்ட் சி-க்குப் பிறகு பீரியட்ஸ் மாறியிருந்தால் மகளிர் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

தாமதமாகக் கண்டுபிடிப்பதுதான் முத்துலட்சுமியின் முதல் எதிரி. அந்த விஷயத்தில் தமிழ்நாடு கொஞ்சம் நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்ணாலேயே பார்க்கும் சோதனையைத் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் செய்து பார்த்தார்கள். சோதனை நடந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவிகிதம் குறைந்தன என்று 2007-ல் லேன்செட் இதழில் முடிவு வெளியானது. லேப் வேண்டாம், சில நிமிஷம் போதும். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இதை இலவசமாகச் செய்கிறார்கள்.

முத்துலட்சுமிக்கு 1956-ல் பத்ம பூஷண் கிடைத்தது. கடைசி வருஷங்களிலும் மருத்துவமனைக்கு நிதி கேட்பதை நிறுத்தவில்லை. 1968 ஜூலை 22-ல் இறந்தார். 82-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருந்தது.

ஆதம்பாக்கத்திலிருந்து அங்கே போவது சுலபம். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி கஸ்தூர்பா நகர் ஸ்டேஷனில் இறங்கினால், காந்தி நகர் பக்கம் கொஞ்ச தூரம்தான். காலையில் அந்த ரயிலில் பைலும் தண்ணீர் பாட்டிலுமாக, வெளியூரிலிருந்து வந்த அம்மாக்களும் கூடத் துணைக்கு வந்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். எந்தப் பக்கம் இறங்கணும் என்று கேட்டால் சொல்லிவிடுங்கள்.