மாதவையா பெற்ற மைந்தர்

பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். அவருடைய கடைசி மகன் மா. கிருஷ்ணனை அறிந்தோர் எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் மிகச் சிலரே. நானும் காலந்தாழ்ந்தே அறிந்தேன். அறிந்தபொழுது வெட்கமே மேலிட்டது.

காரணத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலைக் கண்காட்சியில் நிழற்படங்களுக்குப் பரிசளிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வாவிக்கரைக் கண்டல் மரத்திலே மூன்று கொக்குக் குஞ்சுகள் கூட்டிலிருந்து வாய் பிளந்து நிற்கும் படத்துக்கு முதற்பரிசு வழங்கினேன். அதன் தெளிவைப் புகழ்ந்து பேசவுஞ் செய்தேன். கூட்டின்மேல் வெளிச்சம் விழுவதற்காகக் கிளைகளை வெட்டியதாக அம்மாணவன் பின்னர்ப் பெருமிதத்தோடு கூறினான். நிழலிழந்த குஞ்சு வெயிலில் வாடும். மறைவிழந்த கூட்டைக் காகம் எளிதிற் காணும். மறுநாள் அவன் போய்ப் பார்த்தபொழுது கூடு வெறுமையாயிருந்ததாம்.

கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியிற் பிறந்தவர். 1925இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையிலே தமிழுக்காகப் பேசிய அன்றே தந்தையார் அங்கு உயிர் நீத்தார். மகனுக்கு அப்பொழுது வயது 13. மாநிலக் கல்லூரியிற் பயின்றபின், 1942 முதல் சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி எனப் பல பணிகள் ஆற்றினார். அவற்றை விரிப்பானேன்? 1950இல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றி இரு வாரத்துக்கொரு கட்டுரை எழுதத் தொடங்கினார். 46 ஆண்டுகள் அது தொடர்ந்தது. 1996 பெப்ரவரி 18இல் அவர் மறைந்தார். கடைசிக் கட்டுரை வெளிவந்ததும் அன்றே.

அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைக் கூட்டி ஆக்கிய பெருங்கருவியொன்றைச் சுமந்துகொண்டு, கால்நடையாகவும் பழக்கிய யானை மீதும் காடுகளில் அலைந்தார். களிறோ மானோ தன் இடத்தில் தன் இயல்போடு நிற்கும் கணமே அவருக்கு வேண்டியிருந்தது. கருவி பெரிது, ஆசை சிறிது.

இக்காலத்தில் விலையுயர்ந்த கருவிகளோடு கடல் கடந்து எங்கள் வாவிக்கு வருவோர் உளர். அவர்களுள் பொறுமையுடையோரும் பலர். ஆயினும், பறக்கும் கோலம் வேண்டிப் பறவைக் கூட்டத்தின் நடுவே தோணியைச் செலுத்தச் சொல்வோரையும் கண்டிருக்கிறேன். தோணிக்காரருக்குக் கூலி வேண்டும், அவரை நோவதெப்படி? பரிசளித்த நான் யாரை நோவது?

கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைத் தொகுப்பான மழைக்காலமும் குயிலோசையும் என்ற நூலை அம்மாணவனிடம் கொடுத்து, நடந்ததில் என் பங்கையும் சொன்னேன். நூல் இன்னும் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை.